கலைந்து விழாத கப் கேக் பூங்கொத்து: வன்னி வெயிலையும் கிரவல் வீதியையும் கணக்கில் எடுத்த வழிகாட்டி

ஐசிங் பூச்சால் பூப் போட்ட கப் கேக்குகளைப் பூங்கொத்துப் போல அடுக்கிய கப் கேக் பூங்கொத்து வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் கைபேசியில் காட்டும் படம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். வெள்ளைச் சுவர், குளிரூட்டிய அறை, யாரோ ஒருவர் கையில் சாய்த்துப் பிடித்திருக்கும் ரோசாக் கொத்து. அந்தப் படத்தில் வெயில் இல்லை, சோளகக் காற்றின் தூசி இல்லை, விசுவமடுச் சந்தியில் இருந்து உள்ளே திரும்பும் கிரவல் வீதி இல்லை. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இதைச் செய்கிறவருக்கு இவை மூன்றும் உண்டு.

பூச்சுடன் சேர்ந்த ஒரு கப் கேக் 75 முதல் 85 கிராம் வரை நிறுக்கும். ஏழு சேர்ந்தால் அரைக் கிலோவுக்கு மேல். அந்த எடை முழுவதும் பூங்கொத்தின் உச்சியில், அதுவும் வெளிப்பக்கம் சரிந்த நிலையில் இருக்கிறது. ஆகவே பூ அழகாக வந்ததா என்பதை விட, அந்த எடையை எது தாங்குகிறது என்பதுதான் முதற்கேள்வி. பூப் போடக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகள் நிறைய உண்டு. சட்டகம் கட்டுவதைப் பற்றி அங்கே எவரும் அதிகம் பேசுவதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் சட்டகத்துக்கே கூடிய இடம் கொடுத்திருக்கிறேன்.

ஏழு என்ற எண்ணிக்கை

ஒரே அளவான வட்டங்களில் ஒன்றை நடுவில் வைத்தால், அதைச் சுற்றி ஆறு வட்டங்கள் இடைவெளி இல்லாமல் பொருந்தும். ஐந்தாக வைத்தால் ஓட்டை விழும். எட்டாக வைத்தால் ஒன்று வெளியே தள்ளப்படும். ஏழில் ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதைத் தாங்கிக்கொள்கிறது. முதன்முறை செய்கிறவர்கள் ஏழைத் தாண்ட வேண்டாம்.

அடுத்த சுற்று பன்னிரண்டு, மொத்தம் பத்தொன்பது. எடை ஒன்றரைக் கிலோ ஆகிவிடும். சாமத்திய வீட்டுக்குப் பெரிதாக வேண்டும் என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டால் கையில் பிடிக்கும் கொத்தாகவோ உயரக் குவித்த கொத்தாகவோ ஒத்துக்கொள்ளாதீர்கள். அகலமான தட்டுப் பெட்டியில் தட்டையாக அடுக்கி, ஓரத்தில் கடதாசி சுற்றி, மேலிருந்து பார்க்கும் கொத்தாகச் செய்து கொடுங்கள். மேசையில் வைத்துப் படம் எடுக்கும்போது வித்தியாசம் தெரியாது.

ரெஜிபோம் பந்தும் பல்குச்சியும்

இணையத்தில் அதிகம் காணக் கிடைப்பது இந்த முறைதான். பூச்சாடியில் ரெஜிபோம் என்ற இலேசான வெள்ளை நுரைப்பொருளாலான அரைப்பந்தை ஒட்டி, பல்குச்சி குத்தி, குச்சியில் கேக்கை இறக்குவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மென்மையான கேக்குக்குள் மெல்லிய குச்சி ஒரு துளையைத்தான் போடுகிறது, பிடியைக் கொடுப்பதில்லை. வாகனம் குலுங்கக் குலுங்கத் துளை பெருக்கும். வெளிச்சுற்றில் சரிந்திருக்கும் கேக் மெதுவாகக் கீழே இறங்கும், பூச்சு பக்கத்துக் கேக்கில் ஒட்டும். சிறுபிள்ளைகள் ஓடித் திரியும் வீட்டில், கடிக்கிற பண்டத்துக்குள் கூரான குச்சி ஒளிந்திருப்பதும் நல்லதல்ல. ரெஜிபோம் துகள் கேக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போவது இன்னொரு தொல்லை.

நான் சொல்லும் முறையில் ஒவ்வொரு கேக்கும் தனக்கென்று ஒரு பிளாஸ்ரிக் கோப்பைக்குள் உட்காரும். கோப்பைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால் சட்டகம் தயார்.

சட்டகம் கட்டுதல்

கோப்பையைக் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். கேக் கடதாசி (கலவையை ஊற்றிச் சுடும் கடதாசிக் கிண்ணம்) ஒன்றைக் கையில் கொண்டு போவது நல்லது. வழக்கமான அளவுக் கடதாசியின் அடி 5 சென்ரிமீற்றர், வாய் 7 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். கோப்பையின் வாயும் ஏறத்தாழ அதே 7 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். கேக்கை இறக்கினால் அது அடிவரை விழுந்துவிடாமல், மேல்விளிம்பு கோப்பை விளிம்புக்குச் சமமாகவோ சிறிது மேலாகவோ நின்று இறுகவேண்டும். சற்று ஆழமாகப் போனால் அடியில் ரிஷூ கடதாசியைக் கசக்கிப் போட்டு உயர்த்தலாம். கோப்பை அகலமாக இருந்தால் திருத்த வழியில்லை, வேறு வாங்குங்கள். கையால் அழுத்தினால் நொறுங்கும் கண்ணாடி போன்ற கோப்பை வேண்டாம். வளைந்து கொடுத்து மீளும் வகைதான் ஸ்டெப்ளர் பின் அடிக்கத் தாங்கும்.

ஸ்டெப்ளர் ஒன்றும், அகலமான பிசின் நாடாவும், மெல்லிய வெளிப்படையான பிசின் நாடாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடுக் கோப்பையோடு ஒரு வெளிக் கோப்பையைச் சேர்த்து, விளிம்பில் இருந்து ஒரு சென்ரிமீற்றர் கீழே இரண்டு சுவரையும் விரலால் நெருக்கிப் பிடித்துப் பின் அடியுங்கள். விளிம்பிலேயே அடித்தால் கோப்பைகள் ஒன்றின் மேல் ஒன்று மடியும். கீழே அடிக்கும்போதுதான் சுவரும் சுவரும் படிந்து, வெளிக் கோப்பை தானாக வெளிப்பக்கம் சரியும். கோப்பையின் அடி ஒடுங்கியும் வாய் விரிந்தும் இருப்பதால் வருகிற சரிவு இது. குவிமாட வடிவத்துக்கு வேறு எதுவும் செய்யத் தேவையில்லை.

அடுத்த வெளிக் கோப்பையை நடுவோடும் முதல் வெளிக் கோப்பையோடும் பிணையுங்கள். இப்படியே சுற்றி வாருங்கள். ஆறாவது கோப்பை இடுக்கிக்கொண்டுதான் உள்ளே போகும், ஏனென்றால் சரிவு கூடக் கூடச் சுற்றில் இடம் குறைகிறது. பிளாஸ்ரிக்கைச் சற்று வளைத்து இறக்குங்கள். நடுக் கோப்பை அரை விரல் அளவு மேலெழும். எழட்டும். அந்த இறுக்கம்தான் பின்னால் வீதிக் குலுக்கலைத் தாங்கப் போகிறது.

முடிந்ததும் பின்களை எண்ணுங்கள். நடுவுக்கும் வெளிக்கும் ஆறு, வெளிக்கும் வெளிக்கும் ஆறு, ஆகப் பன்னிரண்டு இணைப்பு. உணவுக்குப் பக்கத்தில் இரும்புப் பின் இருக்கிறபடியால் இந்த எண்ணிக்கையை எங்காவது எழுதி வைப்பது அவசியம். ஒவ்வொரு பின்னின் இரு பக்கத்தையும் மெல்லிய நாடாவால் மூடிவிடுங்கள். மடியாமல் நிற்கும் பின்னைக் கழற்றி எறிந்து புதிதாக அடியுங்கள். பின்னே வேண்டாம் என்று நினைப்பவர்கள் பசைத் துப்பாக்கியைக் குறைந்த சூட்டில் பயன்படுத்தலாம். ஆனால் சூடு கூடினால் கோப்பை உருகி ஓட்டையாகும். வெயிலில் நின்ற வாகனத்துக்குள் பசை இளகுவதும் உண்டு.

இனி கோப்பைகளின் அடிப்பாகங்கள். ஏழு அடிகளையும் சுற்றி அகல நாடாவால் ஒரு வளையம் போடுங்கள். இறுக்க இறுக்க வெளிச்சுற்று மேலும் சரியும். மேலே இருந்து பார்த்தால் ஏழு வாயும் தெரிய வேண்டும், பக்கத்தில் இருந்து பார்த்தால் மெல்லிய வளைவு தெரிய வேண்டும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். வெளிக் கோப்பை நேர்குத்தில் இருந்து 20 பாகைக்கு மேல் சரிந்தால் கேக்கின் எடை முழுவதும் ஒரு பக்கச் சுவருக்கே போய்விடும்.

எதில் இருத்துவது

மூன்று கோப்பை வாய் குறுக்கே 21 சென்ரிமீற்றர். மூன்று கோப்பை அடி குறுக்கே 14 அல்லது 15. ஆகவே பாத்திரத்தின் வாய் 16 முதல் 18 சென்ரிமீற்றருக்குள் இருந்தால், சட்டகத்தின் அடி உள்ளே இறங்கி, அதன் தோள் விளிம்பில் தங்கும். அடியில் நிற்பதோடு விளிம்பிலும் தாங்குவதால் ஆட்டம் குறையும்.

நம் பக்கத்தில் இதற்கு மிகப் பொருத்தமானது பனையோலைப் பெட்டி. சாயம் போட்ட ஓலையில் இழைத்த பெட்டிகள் சந்தையிலும் பனம்பொருள் விற்கும் கடைகளிலும் கிடைக்கின்றன. பிளாஸ்ரிக் பூச்சாடியை விட எவ்வளவோ அழகு. குறை ஒன்று உண்டு. ஓலை வளையும். பெட்டியின் உட்புறம் தடித்த காட்போட் மட்டையை வளையமாக ஓட விட்டு ஒட்டினால் அது நிமிர்ந்து நிற்கும். மேசையை விட்டு நகராத கொத்து என்றால் மண்சட்டியே போதும், அதன் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும்.

பெட்டியின் அடியில் எடை வேண்டும். மேலே அறுநூறு கிராம் என்றால் கீழே குறைந்தது ஒரு கிலோ. கல்லும் மணலும் போடலாம்தான், ஆனால் ஒரு கிலோ அரிசியைப் பொலித்தீன் பையில் கட்டிப் போடுவதையே நான் விரும்புகிறேன். அது பெட்டியின் வடிவத்துக்கு ஏற்பப் படிந்து உட்காரும். கொண்டாட்டம் முடிந்தபின் அந்த வீட்டு உலைக்கும் போகும். அரிசிக்கு மேல் பழைய பத்திரிகையைக் கசக்கி இறுக்கி நிரப்பி, அதன்மேல் சட்டகத்தை அழுத்தி இருத்துங்கள்.

கையில் ஏந்தும் கொத்துக் கேட்டால் எடை போட முடியாது. அதற்கு அடிகளைச் சுற்றித் தடித்த மட்டையைக் கூம்பாகச் சுருட்டி, கூம்பின் கீழ்நுனியைக் கைப்பிடி அளவுக்கு ஒடுக்கி நாடா சுற்றுங்கள். கொடுக்கிற நிமிடம்வரை அதை ஒரு வாளிக்குள் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். மேசையில் படுக்க வைக்கக் கூடாது என்று வாங்குகிறவரிடம் சொல்லிக் கொடுங்கள். சொன்னாலும் படுக்க வைப்பார்கள். அதனால் நான் பெட்டிக் கொத்தையே முதலில் காட்டுவது வழக்கம்.

சட்டகத்தைச் சோதிக்கக் கேக்கை வீணாக்க வேண்டாம். 80 கிராம் அரிசி கட்டிய ஏழு சிறு பைகளைக் கோப்பைகளில் போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வாருங்கள். சற்றுச் சாய்த்தும் உலுக்கியும் பாருங்கள். இரவு முழுவதும் அப்படியே விட்டு, காலையில் எந்த நாடாவும் விடாமல் இருந்தால் நம்பலாம்.

கடைசியாக ஒரு சிறு வேலை. கேக் தட்டில் விரிக்கும் கடதாசியை 2 சென்ரிமீற்றர் அகலமும் 25 சென்ரிமீற்றர் நீளமுமாக ஏழு நாடாவாக வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் கோப்பைக்குள் குறுக்காகப் போட்டு, இரு நுனியும் வெளியே வரும்படி விடுங்கள். கேக்கை இறக்குவதற்கும், பின்னர் விருந்தினர் பூவைக் கெடுக்காமல் வெளியே எடுப்பதற்கும் இதுதான் கைப்பிடி. இது இல்லாவிட்டால் பூச்சுக்குள் விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கேக்

இங்கே பஞ்சு போன்ற கேக் உதவாது. எண்ணெய் ஊற்றிச் செய்யும் ஈரமான கேக்கும் வேண்டாம். பட்டர் அடித்துச் செய்யும் பழைய முறைக் கேக்தான் பூவின் எடையைத் தாங்கும்.

கோதுமை மா 200 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி மட்டம், உப்பு ஒரு சிட்டிகை, பட்டர் 150 கிராம், சீனி 180 கிராம், முட்டை 3, பால் 100 மில்லிலீற்றர், வனிலா 1 தேக்கரண்டி. மாவையும் பேக்கிங் பவுடரையும் உப்பையும் சேர்த்து இரு தடவை அரியுங்கள். பட்டரும் சீனியும் வெளிறும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்து, பின்னர் மாவையும் பாலையும் மாறி மாறிப் போட்டுக் கரண்டியால் கலவுங்கள். மா போட்டபின் பீட்டரை ஓடவிட்டால் கேக் இறுகும்.

ஒவ்வொரு கடதாசியிலும் 45 கிராம் கலவை. தராசில் நிறுத்தே போடுங்கள். ஏழும் ஒரே உயரமாக வராவிட்டால் சட்டகத்தின் ஒழுங்கு முழுவதும் வீண். பதினாறு கேக் அளவில் வரும். ஏழுக்கு ஏன் பதினாறு என்றால், மூன்றைப் பிரயாணத்துக்கு மேலதிகமாக எடுக்க வேண்டும். மிச்சத்துக்கு வீட்டில் ஆள் இருக்கும்.

175 பாகை செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம். ஈர்க்கைக் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வரவேண்டும். ஓவன் இல்லாதவர்கள் பெரிய சட்டியில் மணல் பரப்பி, மூடிக்கு மேல் சிரட்டைத் தணல் போட்டுச் சுடுகிறார்கள். அதிலும் நன்றாக வரும். ஆனால் கடதாசியை மட்டும் வைத்தால் கலவை பரந்து வாய் அகன்றுவிடும், தகர அச்சுக்குள் வைத்தே சுடுங்கள். அச்சுக்களை இடையில் ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

வெந்த கேக்கை உடனே அச்சில் இருந்து எடுத்துக் கம்பித் தட்டில் ஒரு மணித்தியாலம் ஆறவிடுங்கள். சூட்டோடு டப்பாவுக்குள் மூடினால் ஆவி தேங்கிக் கடதாசி கேக்கை விட்டுக் கழன்றுவிடும். சட்டகம் பிடித்திருப்பது அந்தக் கடதாசியைத்தான். மாரி காலத்தில், வாடைக்காற்று ஈரத்தோடு அடிக்கும் கார்த்திகை மார்கழியில், இந்தத் தொல்லை இரட்டிப்பு. மெல்லிய வண்ணக் கடதாசி என்றால் இரண்டு சேர்த்துப் போடுங்கள். மேற்பரப்பு விளிம்பைத் தாண்டிப் பொங்கி இருந்தால் கத்தியால் சமப்படுத்துங்கள்.

வெள்ளிக்கிழமை விருந்து, விரத காலம் என்றால் முட்டையில்லாத கேக் கேட்பார்கள். முட்டைக்குப் பதிலாக 150 கிராம் இனிப்பில்லாத தயிரும் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவும் சேர்த்து, பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்து, பாலை 60 மில்லிலீற்றராக்குங்கள். இது கூடுதலாக உதிரும். ஒரு இரவு வைத்து மறுநாள் பூப் போடுவது நல்லது.

வெயிலில் நிற்கும் பூச்சு

பட்டர் 32 பாகையில் இளகத் தொடங்கி 35 அளவில் உருகிவிடும். சித்திரை வைகாசியில் வன்னியில் மதிய நிழலே அந்தச் சூட்டைத் தொடுகிறது. தனிப் பட்டரில் செய்த பூ அங்கே நிற்க வாய்ப்பே இல்லை. இதற்கு மாற்றாகப் பலர் பைக்கற்றில் வரும் விப்பிங் கிரீமை எடுக்கிறார்கள். குளிரில் இருக்கும்வரை அது நன்றாகத்தான் இருக்கும், வெளியே எடுத்தபின் இதழ் ஒன்றோடொன்று குழைந்துவிடும். கொத்துக்கு அது சரிவராது.

ஷோட்னிங் எனப்படும் வெள்ளைத் தாவரக் கொழுப்பு 45 பாகை அளவில்தான் உருகும். வெதுப்பகங்களுக்குச் சாமான் கொடுக்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிளிநொச்சியில் அகப்படாவிட்டால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ எடுக்கலாம். அதையும் பட்டரையும் கலந்து செய்கிறோம்: ஷோட்னிங் 90 கிராம், பட்டர் 60 கிராம், ஐசிங் சீனி 300 கிராம், தண்ணீர் 1 மேசைக்கரண்டி, வனிலா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பத்துக் கேக்குக்குப் போதும், இரண்டு நிறமாகவும் பிரிக்கலாம்.

கொழுப்பு இரண்டையும் ஐந்து நிமிடம் அடித்து, அரித்த ஐசிங் சீனியை மூன்று பங்காகச் சேருங்கள். உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நறநறப்பு இருக்காது. ஷோட்னிங் அண்ணத்தில் படியும், அதுவே இதன் குறை. உப்பும் நாலைந்து துளி தேசிக்காய்ச் சாறும் அதை ஓரளவு மறைக்கும். ருசியில் தனிப் பட்டருக்கு இது ஈடாகாதுதான். ஆனால் விருந்து தொடங்குமுன் உருகிக் கிடக்கும் பூவை யார் ருசி பார்க்கப் போகிறார்கள்?

நிறத்துக்கு ஜெல் வகையே வேண்டும். திரவ நிறம் கூடினால் பூச்சு இளகும். நிறத்தை ஒரு படி குறைவாகக் கலந்து வையுங்கள், சில மணித்தியாலத்தில் அது தானாகக் கருகருவென்று ஏறிவிடும்.

பதம் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கடதாசியில் ஒரு பூவைப் போட்டு, மதியம் விறாந்தையில் ஒரு மணித்தியாலம் வைத்திருங்கள். இதழ் விளிம்பு கூராகவே இருந்தால் சரி. வட்டமாகிப் போனால் 30 கிராம் ஐசிங் சீனியைக் கூட்டுங்கள்.

பூப் போடுதல்

விடியற்காலையில் போடுங்கள். நான்கு ஐந்து மணிக்கு உள்ள குளிர் எட்டு மணிக்கு இருக்காது. ஐசிங் பையை அரைவாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம், உள்ளங்கைச் சூட்டில் மிச்சம் உருகும். பையைச் சுற்றி மெல்லிய பருத்தித் துணியைப் பிடித்துக்கொள்ளலாம்.

வெளிச்சுற்று ஆறுக்கும் தட்டையான பூ, நடுவுக்கு மட்டும் உயர்ந்த பூ. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். சரிந்து நிற்கும் கேக்கில் உயரமான பூச்சு தன் எடையாலேயே இறங்கும். வெளிப்பூவின் உயரம் 3 சென்ரிமீற்றரைத் தாண்டாமல் இருக்கட்டும்.

ஐசிங் பையின் நுனியில் பொருத்தும் 1எம் நொசிலால் நடுவில் தொடங்கி வெளியே சுற்றினால் ரோசா. தட்டையாக வரும், விரைவாக முடியும், முதன்முறை செய்கிறவருக்குப் போதும். 81 என்ற பிறை நொசிலால் வெளி விளிம்பில் தொடங்கிக் குறுகிய இதழ்களை உள்நோக்கி அடுக்கினால் செவ்வந்தி. வெளியே படுத்த இதழ், உள்ளே போகப் போக நிமிர்ந்த இதழ். மஞ்சளில் போட்டால் கோயில் மாலைச் செவ்வந்தி தோற்றுப்போகும், அவ்வளவு ஒப்பு. 104 நொசிலால் செவ்வரத்தையின் ஐந்து இதழும் போடலாம், ஆனால் மெல்லிய இதழ் என்பதால் வெயிலில் முதலில் தளர்வதும் அதுதான். இரணைமடுவுக்குப் போகிற வழிக் குளங்களில் பூக்கும் தாமரையைப் போடச் சொல்லிக் கேட்டால் நடுக் கேக்கில் மட்டும் போடுங்கள்.

கேக் விளிம்பில் அரைச் சென்ரிமீற்றர் வெறுமையாக விட்டுப் பூப் போடுவது கோப்பைக்குள் இறக்கும்போது உதவும். போட்டு முடித்ததை மூடிய பெட்டிக்குள் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணித்தியாலம் இறுகவிடுங்கள். எடுக்கும்போது பெட்டியை உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த பூச்சில் வெளிக்காற்றின் ஈரம் வியர்வையாகப் படிந்து நிறம் வழியும். மூடியபடியே இருபது நிமிடம் வெளியே வைத்துப் பிறகு திறவுங்கள்.

இடையில் செருக உண்மையான பூ, இலை கேட்பார்கள். வேலியோரக் கார்த்திகைப் பூவும், அலரியும், மஞ்சள் அலரியும் நஞ்சு. உண்கிற பண்டத்துக்குப் பக்கத்தில் அவற்றை வைக்கவே கூடாது. பச்சை ரிஷூ கடதாசி போதும்.

இறக்குதலும் மூடுதலும்

சட்டகம் பெட்டியில் உறுதியாக இருந்தபின், நடுக் கேக்கை முதலில் இறக்குங்கள். பிறகு வெளிச்சுற்றில் ஒன்று, அதற்கு நேர் எதிரே ஒன்று என்று மாறி மாறி. ஒரே பக்கத்தில் மூன்றை இறக்கினால் பெட்டி கவிழப் பார்க்கும். குறுக்கே போட்ட கடதாசி நாடாவின் இரு நுனியையும் பிடித்து, கேக்கை அதன்மேல் வைத்து மெதுவாகத் தாழ்த்துங்கள். கோப்பைச் சுவரில் இரண்டு இடத்தில் இரட்டைப்பக்கப் பசை நாடா ஒட்டியிருந்தால், கேக் கடதாசி அதில் பிடித்துக்கொள்ளும். கடதாசி நாடாவின் நுனிகளைப் பூச்சில் படாமல் கோப்பை விளிம்புக்குள் மடித்து மறையுங்கள்.

நடுவைச் சுற்றி ஆறு முக்கோண இடைவெளிகள் தெரியும். பச்சைக் கடதாசியைச் சதுரமாக வெட்டி, நடுவில் கிள்ளி எடுத்து, முறுக்கிய பக்கத்தைக் கீழே செருகுங்கள். வெளி ஓரத்துக்கும் அப்படியே. பூச்சாலேயே இலை போட்டு இடைவெளியை நிரப்புகிறவர்கள் உண்டு. படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் ஒரு கேக்கை எடுக்கும்போது பக்கத்துக் கேக்கின் பாதிப் பூ அதோடு வரும்.

வீதி

ஏ9 வீதியில் கவலை குறைவு. பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதி 52 கிலோமீற்றர். அதிலும் பிரதான வீதி பிரச்சினையில்லை, தர்மபுரத்திலோ புதுக்குடியிருப்பிலோ உள்ளொழுங்கைக்குத் திரும்பிய பின்னர்தான் சோதனை. துணுக்காய், மல்லாவிப் பக்கமும் அப்படித்தான்.

வானிலோ ஓட்டோவிலோ கொத்தை இருக்கையில் வைக்காதீர்கள், இருக்கை பின்பக்கம் சரிந்தது. காலடித் தளத்தில், அடியில் ஈரமாக்கிப் பிழிந்த தடித்த துணி விரித்து வையுங்கள், வழுக்காது. அதைவிட நல்லது மூடியுள்ள ரெஜிபோம் பெட்டி. மீன் ஏற்றும் பெட்டிகள் முல்லைத்தீவில் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் புதிதாக வாங்குங்கள். ஒருமுறை மீன் வைத்த பெட்டியின் வாசத்தை எந்தச் சவர்க்காரமும் எடுக்காது, பட்டரோ அந்த வாசத்தை ஆசையோடு உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே இரு பக்கத்திலும், உறைய வைத்த தண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி வையுங்கள். கொத்துக்கும் போத்தலுக்கும் இடையில் மட்டை வைத்து மறித்துவிடுங்கள், பிரேக் போடும்போது போத்தல் உருண்டு வரும்.

மோட்டார் சைக்கிள்தான் உண்டு என்றால் கட்டிய கொத்தைக் கொண்டு போகும் எண்ணத்தை விடுங்கள். சட்டகம் இருத்திய பெட்டி வேறாக, கேக்குகள் மூடிய டப்பாவில் வேறாகப் போகட்டும். அங்கே போய்ப் பத்து நிமிடத்தில் பொருத்திவிடலாம். எப்படிப் போனாலும், நிரப்பிய ஐசிங் பை ஒன்று, பூப் போட்ட மேலதிகக் கேக் மூன்று, சின்னக் கத்தி, பச்சைக் கடதாசி, ஈரத்துணி ஆகியவை கூடவே போக வேண்டும்.

சனிக்கிழமை மாலை விழா என்றால் வியாழன் இரவு சட்டகம், வெள்ளி காலை கேக், வெள்ளி இரவு பூச்சு, சனி விடியற்காலை பூ என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். அன்னையர் தினம் வரும் மே மாதத்திலும், ஒக்ரோபர் 6 ஆசிரியர் தினத்திலும் ஒரே நாளில் பலர் கேட்பார்கள். சட்டகங்களை ஒரு கிழமைக்கு முன்பே கட்டித் தூசி படாமல் மூடி வைக்கலாம். விலை சொல்லும்போது ஓலைப் பெட்டியையும் சேர்த்தே சொல்லுங்கள். அது திரும்பி வருவதில்லை.

பிரிக்கும்போது

கொத்தை ஒப்படைக்கும்போது எடுக்கும் முறையையும் வீட்டில் ஒரு பெரியவரிடம் காட்டுங்கள். இறக்கியது போலவே எதிரெதிராக எடுக்க வேண்டும், நடுக் கேக் கடைசி. விறாந்தை நிழலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம், வெயிலில் வைக்கவே வேண்டாம். ஏழும் போனபின் வெறும் சட்டகத்தைப் பிள்ளைகளின் கையில் விளையாடக் கொடுக்காமல், பன்னிரண்டு பின்னும் நாடாவுக்குள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டு எறியச் சொல்லுங்கள்.